ஏரிக்கு மேலே ஒரு காடு: கோவளம் நீர்வடிப்பகுதியை வரைபடமாக்குவோம்

உங்கள் ஊர் ஏரியின் ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவீர்கள். எந்த மதகில் முதலில் தண்ணீர் வரும், கலங்கல் கடைசியாக எந்த ஆண்டு வழிந்தது என்பதெல்லாம் நினைவில் இருக்கும். ஆனால், அந்த ஏரிக்குத் தண்ணீர் அனுப்பும் குன்று எது, அந்தக் குன்றின் மேலுள்ள புதர்க்காடு யாருடைய கணக்கில் இருக்கிறது, பத்து ஆண்டுகளில் அது அடர்ந்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். ஏரிக்குக் கீழே இருப்பதை அறிந்த அளவுக்கு, ஏரிக்கு மேலே இருப்பதை நாம் அறிந்துவைக்கவில்லை.

கோவளம், திருப்போரூர், மாமல்லபுரம் பகுதி விவசாயிகளுக்கு இப்போது இது அவசரமான கேள்வி. 2025-26 தமிழக பட்ஜெட்டில், சென்னையின் குடிநீருக்காகக் கோவளம் அருகே புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 3,010 ஏக்கர், கொள்ளளவு 1.6 டி.எம்.சி., மதிப்பீடு 350 கோடி ரூபாய். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே உள்ள உப்பங்கழிப் பரப்பில் நன்னீரைத் தேக்குவது இதன் நோக்கம். அந்தத் தண்ணீர் தையூர், மானாமதி, சிறுதாவூர் போன்ற ஏரிகளைக் கடந்துதான் கீழே வரவேண்டும். அந்த ஏரிகளுக்கோ மேற்கே இருக்கும் குன்றுகளும் புதர்க்காடுகளும்தான் தாய்வீடு. கடைமடையில் அணை கட்டும்போது தலைமடையின் நிலை என்ன என்று பார்த்தாக வேண்டும். அதற்கு முதல் தேவை ஒரு வரைபடம்.

அந்த வரைபடத்தை யாரோ வந்து வரைந்து தரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான தகவல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எதை எங்கே பார்ப்பது, பார்த்ததை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரிந்தால் போதும்.

தண்ணீரின் எல்லை வேறு, ஊரின் எல்லை வேறு

நீர்வடிப்பகுதி என்பது, பெய்யும் மழை எல்லாம் ஒரே இடத்தை நோக்கி வடியும் நிலப்பரப்பு. அதன் எல்லையைக் குன்றுகளின் முகடுகளும் மேட்டு நிலங்களும் தீர்மானிக்கின்றன. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி உங்கள் ஏரிக்கு வரும். அந்தப் பக்கம் விழும் துளி அடுத்த ஊருக்குப் போகும். ஊராட்சி எல்லையோ வட்ட எல்லையோ இதற்குப் பொருந்துவதில்லை.

சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் வடிகால் நோக்கில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் என நான்கு வடிநிலங்களாகப் பிரிக்கிறார்கள். கோவளம் வடிநிலத்தின் வடபகுதி நீர், பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காடு வந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்கிறது. தெற்கே திருப்போரூர் பகுதி ஏரிகளின் உபரிநீரும் உப்பங்கழி வழியாக இங்கேதான் வருகிறது. ஆக, வடக்கே நகரத்தின் கழிவும் தெற்கே கிராமத்தின் மழைநீரும் ஒரே வாசலில் வெளியேறுகின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 ஹெக்டேர் குன்றுப் பகுதியில் 100 மி.மீ. மழை பெய்தால் 10 கோடி லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர். அதாவது, வடகிழக்குப் பருவமழையில் ஒரே ஒரு கனமழை நாளில் அந்தக் குன்று 20 ஏக்கர் நெல்லுக்குத் தேவையான தண்ணீரைப் பிடிக்கிறது. அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு ஏரிக்கு வருகிறது, எவ்வளவு மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்பதைக் குன்றின் மேலிருக்கும் காடுதான் முடிவு செய்கிறது.

"மொட்டைப் பாறையிலிருந்துதானே தண்ணீர் அதிகம் வரும்? காடு இருந்தால் தண்ணீரைக் குடித்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மொட்டைக் குன்றிலிருந்து வேகமாகவும் அதிகமாகவும் நீர் வரும் என்பது உண்மை. ஆனால், அது சில மணி நேரத்தில் வந்து, கலங்கலில் வழிந்து, கடலுக்குப் போய்விடும். வரும்போது கொண்டுவரும் மண் ஏரியிலேயே தங்கிவிடும். ஆண்டுதோறும் ஏரியின் ஆழம் குறையும். காடு உள்ள குன்றில் இலைச்சருகும் வேரும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, மழை நின்ற பிறகும் ஊற்றாகக் கசிந்து வருகிறது. தை, மாசியில் உங்கள் கிணற்றில் நீர் நிற்பதற்கு அந்தக் கசிவும் ஒரு காரணம்.

கடலோர விவசாயிகளுக்கு இது இன்னும் முக்கியம். கடற்கரை மணற்பகுதியில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பொதுவான கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆகவே, மேற்கேயுள்ள ஏரிகளில் தண்ணீர் நிற்பதும், அது கீழே ஊறி வருவதும் கிழக்கேயுள்ள தோட்டக் கிணறுகளுக்குக் காவல்.

செயற்கைக்கோள் எதைக் 'காடு' என்கிறது?

இந்தியாவின் காடுகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பது டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம். முதல் அறிக்கை 1987-ல் வந்தது. 2024 டிசம்பரில் வெளியான அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு 7,15,343 சதுர கி.மீ.; மொத்த நிலப்பரப்பில் 21.76 சதவீதம்.

இந்தக் கணக்கு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது 10 சதவீதமாவது மரக்கிளைகள் மூடியிருந்தால் அது 'வனப்பரப்பு'. 70 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தால் மிக அடர்ந்த காடு. 40 முதல் 70 வரை ஓரளவு அடர்ந்த காடு. 10 முதல் 40 வரை திறந்த காடு. 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது 'புதர்'. வனப்பரப்பில் சேராது.

இதில் நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற கேள்வியே இல்லை. எனவே மாமல்லபுரம் கடற்கரையோரச் சவுக்குத் தோப்பு வனப்பரப்புக் கணக்கில் வந்துவிடும். உங்கள் தென்னந்தோப்பும் மாந்தோப்பும்கூட வரலாம். நான்கைந்து ஆண்டில் சவுக்கை வெட்டியதும் அடுத்த அறிக்கையில் 'வனப்பரப்பு குறைந்தது' என்று வரும். மீண்டும் நட்டு வளர்ந்தால் 'கூடியது' என்று வரும். ஆனால் குன்றின் மேல் நூறாண்டுகளாக நிற்கும் காரை, களா, சூரை, ஈச்சம்புதர் ஆகியவை கிளைமூட்டம் குறைவு என்பதால் கணக்கிலேயே வராமல் போகலாம். உங்கள் ஏரிக்குத் தண்ணீர் தருவது பெரும்பாலும் அந்தப் புதர்தான்.

நம்முடைய கடற்கரைச் சமவெளியின் இயற்கைக் காடு, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற அரிய வகை. காசாமரம், உலக்கைப்பாலை, வெப்பாலை, உசில், விராலி போன்றவை இதன் உறுப்பினர்கள். உயரம் குறைவு, வேர் ஆழம். சோழமண்டலக் கடற்கரையில் இது துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டைப் பார்த்த கண்ணுக்கு இது 'முள்ளுக்காடு'. ஆனால் கோடையிலும் இலை உதிர்க்காமல் நின்று மண்ணை மூடிவைக்கும் வேலையை இது செய்கிறது.

உலக அளவில் பலரும் பார்க்கும் 'குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்' என்ற இணைய வரைபடத்திலும் இதே சிக்கல் உண்டு. அது 5 மீட்டருக்கு மேல் உயரமான தாவரங்களையே மரம் என்று எடுத்துக்கொள்கிறது. நம் புதர்க்காட்டை அழித்தாலும் அதில் சிவப்புப் புள்ளி தோன்றாமல் போகலாம். 'வரைபடத்தில் இழப்பு இல்லை' என்பதால் இழப்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பச்சை எல்லாம் நலமல்ல

காட்டின் நலத்தை வானத்திலிருந்து அளக்க 'என்.டி.வி.ஐ.' என்ற குறியீட்டைப் பயன்படுத்துகிறார்கள். நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை -1 முதல் +1 வரை எண்ணாகத் தருகிறார்கள். எண் உயர்ந்தால் பசுமை அதிகம். பயிர்க் காப்பீட்டுக்கும் வறட்சி மதிப்பீட்டுக்கும் இதே குறியீடு பயன்படுவதை விரிவாக்கப் பணியாளர்கள் அறிவார்கள்.

ஐரோப்பாவின் 'சென்டினல்-2' செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கின்றன. அமெரிக்காவின் 'லேண்ட்சாட்' வரிசை 1972 முதல் படம் எடுத்துவருகிறது. இரண்டும் இலவசம். நம் நாட்டின் 'புவன்' தளத்தில் இஸ்ரோவின் படங்களையும் நில வகைப்பாட்டு வரைபடங்களையும் பார்க்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. சீமைக்கருவேலம் கடும் கோடையிலும் பச்சையாகவே இருக்கும். உண்ணிச்செடி மழை முடிந்து பல வாரங்கள் பச்சை காட்டும். செயற்கைக்கோள் படத்தில் இவை நல்ல காடு போலவே தெரியும். மறுபுறம், இலை உதிர்க்கும் இயல்புள்ள நல்ல மரங்கள் பங்குனி, சித்திரையில் காய்ந்த காடு போலத் தெரியும். எனவே ஒரே ஒரு மாதத்துப் படத்தை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. மழை முடிந்த ஜனவரிப் படத்தையும், கோடை மே மாதப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு காலால் நடந்து போய்ப் பாருங்கள். வானத்திலிருந்து கிடைப்பது பரப்பு. காட்டின் உண்மையான நிலை நடந்தால்தான் தெரியும்.

சட்டப்படி இது யாருடைய நிலம்?

ஒரு குன்றைப் பாதுகாக்கப்பட்ட நிலம் என்று சொல்வதற்கு முன், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். இங்குதான் பல ஊர்கள் கோட்டை விடுகின்றன.

காப்புக்காடு: தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் 16-வது பிரிவில் அறிவிக்கை வெளியானால்தான் முழுமையான காப்புக்காடு. 4-வது பிரிவு என்பது, காப்புக்காடாக்கும் எண்ணத்தை அரசு அறிவிப்பது மட்டுமே. 4-ல் நின்றுவிட்ட நிலங்களில் எல்லைத் தகராறு எளிதில் முளைக்கும். உங்கள் குன்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள்.

வருவாய்த் துறைப் புறம்போக்கு: கல்லாங்குத்து, மலைப் புறம்போக்கு, மேய்க்கால், அனாதீனம், தரிசு என்று அ-பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். இதில் எவ்வளவு நல்ல காடு இருந்தாலும் பதிவேட்டின் சொல்தான் முதலில் பேசும். 'கல்லாங்குத்து' என்றிருந்தால் குவாரிக்கு ஏலம் விட எளிது. 'தரிசு' என்றிருந்தால் வேறு திட்டத்துக்கு ஒதுக்க எளிது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் என்ன பெயர் இருந்தாலும் அகராதிப் பொருளில் காடாக இருக்கும் நிலமும் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று கூறியது. ஆனால் அது காடு என்று காட்ட ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம்தான் நீங்கள் தயாரிக்கும் வரைபடம்.

சரணாலயம்: இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்திருந்த ஊர்மக்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். 1858-ல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. நாட்டிலேயே பழமையான பறவைகள் புகலிடங்களில் ஒன்று இப்படி விவசாயிகளின் மனுவால் உருவானது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரமுள்ள பகுதி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த எல்லையைத் திருத்தும் யோசனை எழுந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2022-ல் வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் ராம்சார் தலங்களாயின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 5 கி.மீ. வட்டம் என்பது கவராயம் வைத்து வரைந்த கோடு. தண்ணீர் வட்டமாக ஓடாது. ஏரிக்கு நீர் தரும் ஓடை வட்டத்துக்கு வெளியே தொடங்கினால், அங்கே நடப்பதும் ஏரியைப் பாதிக்கும். பாதுகாப்பு எல்லையையும் நீர்வடி எல்லையையும் ஒரே தாளில் போட்டால்தான் எது விடுபட்டிருக்கிறது என்பது தெரியும்.

எங்கிருந்து வருகிறது ஆபத்து?

கோவளம் நீர்வடிப்பகுதியில் காட்டுக்கும் நீருக்கும் வரும் ஆபத்துகளை ஐந்தாகப் பிரித்துக் குறியுங்கள்.

ஒன்று, கல்குவாரி. திரிசூலம், பல்லாவரம் தொடங்கித் தெற்கே வரும் கருங்கல் குன்றுகள் நகரத்தின் சல்லிக்கும் எம்-சாண்டுக்கும் இரையானவை. குன்றை வெட்டினால் முகடு மாறும். முகடு மாறினால் ஓடை திசை மாறும். குழியில் நீர் தேங்கி ஏரிக்கு வராமல் போகும்.

இரண்டு, மனைப்பிரிவு. ஏரியை யாரும் தொடமாட்டார்கள், வரத்துக்கால்வாயைத் தொடுவார்கள். இரண்டு ஊருக்கு நடுவே நூறு மீட்டர் கால்வாய் மண்ணால் மூடப்பட்டால், ஏரி சட்டப்படி இருக்கும், தண்ணீர் இருக்காது.

மூன்று, அயல் தாவரங்கள். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் இயற்கைக் காட்டின் கன்றுகளை முளைக்க விடுவதில்லை. இவற்றை அகற்றிச் சூழலை மீட்க 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் உடனே நாட்டு மரம் நடாவிட்டால் அடுத்த மழையில் அவையே திரும்ப வரும்.

நான்கு, தீ. மாசி முதல் சித்திரை வரை காய்ந்த புல்லுக்கு வைக்கும் நெருப்பு புதர்க்காட்டுக்குள் நுழைகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் தீ எச்சரிக்கைத் தளத்தில் கைபேசி எண்ணைப் பதிவு செய்தால், செயற்கைக்கோள் கண்டறியும் தீ பற்றிக் குறுஞ்செய்தி வரும். இதில் நுணுக்கமான கருவியும் 375 மீட்டர் கட்டத்தில்தான் பார்க்கிறது. சிறு தீயை முதலில் பார்ப்பது ஆடு மேய்ப்பவர்தான். அவருடைய எண்ணும் உங்களிடம் இருக்கட்டும்.

ஐந்து, புயல். 2016 டிசம்பரில் வர்தா புயலில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. புயலுக்குப் பின் எந்த மரம் நின்றது, எது விழுந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்து எதை நடுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒரு ஊர் வரைபடம்: ஆறு படிகள்

1. ஏரியில் தொடங்கி மேலே நடங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தின் நகல் வாங்குங்கள். கூகுள் எர்த் படத்தில் குன்றுகளின் முகட்டைக் கோடாக இழுங்கள். விரிவாக்கப் பணியாளர்களிடம் கணினி இருந்தால் 'க்யூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருளில் உயர வரைபடத்தைப் போட்டு இதையே துல்லியமாகச் செய்யலாம். மழை நாளில் ஒருமுறை நேரில் நடந்து, ஓடை உண்மையில் எங்கே ஓடுகிறது என்று சரிபாருங்கள்.

2. புல எண்களை எழுதுங்கள். அந்த எல்லைக்குள் வரும் ஒவ்வொரு புறம்போக்குப் புல எண்ணையும் அ-பதிவேட்டில் பார்த்து, வகைப்பாட்டை எதிரே எழுதுங்கள். வரத்துக்கால்வாய் பதிவேட்டில் இருக்கிறதா, எத்தனை மீட்டர் அகலம், இப்போது நிலத்தில் எத்தனை என்பதையும் குறியுங்கள்.

3. பழைய படத்தைப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதி உண்டு. 10, 15 ஆண்டுக்கு முந்தைய கோடைப் படத்தையும் இந்த ஆண்டுக் கோடைப் படத்தையும் ஒப்பிடுங்கள்.

4. கயிறு கட்டி எண்ணுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை எழுதுங்கள்: நாட்டு மரம், செடி எத்தனை, முளைத்துவரும் கன்று எத்தனை, சீமைக்கருவேலம், உண்ணிச்செடி எத்தனை, வெட்டிய கட்டை எத்தனை, இலைச்சருகு எத்தனை விரல் கனம். மேட்டில், சரிவில், அடிவாரத்தில் என மூன்று வகை இடங்களிலும் செய்யுங்கள். கன்றுகள் இல்லாத காடு, பிள்ளைகள் இல்லாத வீடு போல; இன்று பச்சையாக இருந்தாலும் நாளை இருக்காது. காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதியோடு போங்கள். செடிகளை அடையாளம் காண இருளர் மக்களைத் துணைக்கு அழையுங்கள். அவர்களுடைய அறிவுக்கும் அன்றைய கூலிக்கும் உரிய மதிப்பைக் கொடுங்கள்.

5. ஆபத்தை வண்ணத்தில் குறியுங்கள். குவாரி, மூடப்பட்ட கால்வாய், குப்பைமேடு, தீ வந்த இடம், அயல் தாவரம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். பக்கத்தில் தேதி. கைபேசியில் இட அடையாளத்தோடு எடுத்த படம் ஒன்று.

6. கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். 'இந்தப் புல எண்கள் எங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்பு. வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் மாற்றக்கூடாது' என்று புல எண்ணோடு தீர்மானம் எழுதி, நகலை வட்டாட்சியர், வனச்சரகர், நீர்வளத்துறைப் பொறியாளர் மூவருக்கும் அனுப்புங்கள். ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியே மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும் இதைச் சேர்க்கலாம்.

அரிட்டாபட்டி சொல்லும் பாடம்

பதிவு செய்து வைப்பதால் என்ன பயன் என்பதற்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். அங்குள்ள குன்றுகள், சுனைகள், ஏரிகள், பறவைகள் எல்லாம் ஏற்கெனவே பட்டியலிடப்பட்டு, 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பிறகு அப்பகுதியை உள்ளடக்கி 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, விவசாயிகள் திரண்டார்கள். சட்டமன்றம் 2024 டிசம்பரில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் திரண்டதுதான் முதல் காரணம். ஆனால் 'இங்கே என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் முன்பே எழுத்தில் இருந்தது பெரும் பலம். ஏலம் வந்த பிறகு கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தால் காலம் போதாது.

இன்னொரு பாடம் நியூயார்க்கிலிருந்து. அந்த நகரத்துக்கான குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பகுதியின் காடுகளிலிருந்தும் பண்ணை நிலங்களிலிருந்தும் வருகிறது. பெரும் செலவில் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக, 1997-ல் நகர நிர்வாகம் மேல்நில ஊர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. காட்டைக் காக்கவும், சாணமும் மண்ணும் ஓடையில் சேராமல் தடுக்கவும் அங்குள்ள விவசாயிகளுக்கு நகரம் பணம் தருகிறது.

கோவளம் நீர்த்தேக்கத்துக்கும் இதே கேள்வியை நாம் எழுப்பலாம். கீழே தண்ணீர் தேக்கக் கோடிகள் செலவாகும்போது, மேலே அந்தத் தண்ணீரைப் பிடித்துத் தரும் குன்றுக்கும், ஏரிக்கும், அவற்றைக் காக்கும் ஊர்களுக்கும் என்ன பங்கு? உப்பங்கழியில் மீன், இறால் பிடித்துப் பிழைப்பவர்களின் கவலையும் இதில் சேர்ந்ததே. பங்கு கேட்பதற்கு முன் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

உங்கள் வரப்பிலும் காடு உண்டு

2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு, மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது. அரசு நிலத்தால் மட்டும் இது முடியாது. விவசாயிகளின் நிலத்தையும் நம்பியே இந்த இலக்கு இருக்கிறது. வேளாண் துறை வழியாக மரக்கன்று பெற உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வரத்துக்கால்வாயை ஒட்டிய நிலம் உங்களுடையது என்றால், சவுக்கும் தைலமரமும் மட்டும் என்று நிற்காமல் வரப்போரம் புங்கன், வேம்பு, நாவல், பனை வையுங்கள். ஏற்கெனவே நிற்கும் பனையை வெட்டாதீர்கள். வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பது 2021 முதல் நடைமுறை.

அக்டோபரில் மழை இறங்கும் முன் குறைந்தது முதல் இரண்டு படிகளை முடித்துவிடுங்கள். முகட்டுக் கோடும் புல எண் பட்டியலும் கையில் இருந்தால், முதல் கனமழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஓடையோடு நடந்து மூன்றாவது உண்மையையும் பார்த்துவிடலாம்: காகிதத்தில் இருக்கும் கால்வாயில் தண்ணீர் வருகிறதா, இல்லையா என்று. வராவிட்டால், எந்தப் புல எண்ணில் நின்றுபோனது என்பதை அன்றே எழுதி வையுங்கள். அடுத்த கிராம சபையில் பேசப்போவது அந்த ஒரு வரிதான்.